இன்னொரு மாடி

புத்தூரில் தோட்டம் செய்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் எங்கள் அண்ணை. என்னைவிட ஏழு வயது மூத்தவர். அவர் சிவபதமடைந்து ஓராண்டு நிறையும் இவ்வேளையில், அவருடைய நற்குணங்களை எழுதித் தரும்படி உறவினர்கள் கேட்டார்கள். அவற்றை நானும் அறிவேன். ஆனால் மனத்தில் நிறைந்திருப்பது ஆற்றாமைதான். அதை மறைத்து எழுத முடியவில்லை.

போர்க்கால இடப்பெயர்வின்போது கொடிகாமத்தில் மாமா ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தோம். அங்கு நடந்த கலியாணத்தில் அண்ணை முதற் பந்தியில் அமர்ந்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. இலையில் சோறும் போட்டாயிற்று.

"தம்பி, எழும்பு. வந்த சனம் முதல் சாப்பிடட்டும். நீங்கள் இஞ்சை ஒதுங்கியிருக்கிற ஆக்கள்தானே" என்றார் மாமா.

அண்ணை எழுந்தார். அன்று அவர் சாப்பிடவே இல்லை.

ஊர் திரும்பியபின், சந்தையில் மரக்கறி வாங்கிக் கொழும்புக்கு லொறியில் அனுப்பத் தொடங்கினார். தோட்டக்காரரை ஒருபோதும் ஏமாற்றியதில்லை. என்னைப் படிப்பித்து ஆசிரியையாக்கியவரும் அவரே. மிஞ்சிய பணமெல்லாம் வீடாகியது. இரண்டு மாடி, ஏழு அறை. இருந்தவர்களோ அண்ணை, அண்ணி, மகள் மூவர்தான்.

புது வீட்டுக்குக் குடிபுகும் சடங்கான குடிபூரலுக்கு அதே மாமாவைத் தானே காரில் அழைத்து வந்தார். மாமா தடியூன்றி அறை அறையாகப் பார்த்துவிட்டு, "ராசா, எங்கடை ஆக்களுக்குள்ளை இப்பிடி ஒரு வீடு இல்லை" என்றார். அண்ணையின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்குமுன் கண்டதில்லை.

மறுநாட் காலை தேநீரோடு போனேன். முற்றத்தில் நின்று வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை பாக்கிறியள்?"

"மேலை இன்னொரு மாடி போடலாம் போலை கிடக்கு, பிள்ளை."

"ஆர் இருக்கிறதுக்கு?"

"இருக்கிறதுக்கோ வீடு கட்டுறது?"

இத்தனை ஆண்டு உழைப்பு வாங்கித் தந்த மகிழ்ச்சி ஒரு நாள்கூடத் தாங்கவில்லையே!

மூன்றாம் மாடி எழும்பிக்கொண்டிருந்தபோது அண்ணைக்கு நெஞ்சு நோ வந்தது. ஓய்வெடுக்கும்படி வைத்தியர் கண்டித்துச் சொன்னார்.

"எங்களுக்கு இவ்வளவும் காணும். நீங்கள் வீட்டிலை நில்லுங்கோ" என்று அண்ணி அழுதார்.

"உனக்கு விளங்காது. இல்லாதவனைப் பந்தியிலையிருந்து எழுப்புவினம்."

அவரை எழுப்ப ஊரில் எவரும் இருக்கவில்லை. எவ்வளவோ சொன்னோம், காதில் ஏறவில்லை. ஒரு காலை சந்தையில் மூட்டைகளுக்கிடையே விழுந்தார். மூன்று நாள் ஆசுபத்திரியில் இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கடைசியாகக் கேட்டது, "மாபிள் பதிக்கிறவன் வந்தவனோ?" என்பதுதான்.

முப்பத்தோராம் நாள் படையலுக்கு அவர் விரும்பிய உணவுகளைச் சமைக்க வேண்டியிருந்தது. "அப்பாவுக்கு என்ன விருப்பம்?" என்று மகள் கேட்டாள். அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். சந்தையில் அவரோடு வேலை செய்தவரையும் கேட்டோம்.

"முதலாளி விக்கேலாமல் கறுத்த வாழைப்பழத்தைத்தான் நிண்டநிலையிலை சாப்பிடுவார். விருப்பமோ எண்டு தெரியேல்லை, ரீச்சர்."

அண்ணையை ஆசுபத்திரிக்குத் தூக்கிச் சென்ற சந்தைத் தொழிலாளர்களுக்கும், எட்டாம் நாள் சடங்குவரை சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், தொலைவிலிருந்து வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்த முப்பத்தோராம் நாள் எங்களுக்குத் தெரிந்த கறி எல்லாவற்றையும் சமைத்துப் படைத்தோம். அண்ணை, அதில் ஒன்றாவது உங்களுக்குப் பிடித்ததாக இருந்திருக்க வேண்டும்.