கடல்மட்டத்துக்குக் கீழே எட்டு

“நெசமாட்டுதான் சொல்லுதியா?” என்று பலகையில் எழுதிக்கொண்டே கேட்கிறார் ரஸீனா டீச்சர். விடை சரியானாலும் தப்பானாலும் இதே கேள்விதான். சரியாகச் சொன்ன பிள்ளையே பயந்துபோய் மாற்றிச் சொல்லும். அப்போது டீச்சருக்கு வரும் சிரிப்பைப் பார்க்க வேண்டும்.

கோட்டாற்றிலிருந்து ஏழரை பஸ்ஸில் இந்தக் கடற்கரைப் பள்ளிக்கு வருகிறார். நாற்பது வயது, உரத்த குரல், மூக்கு நுனிவரை சாக்பீஸ் தூள். 3x + 4y என்பதை 7xy என்று எழுதும் பிள்ளையிடம், “மூணு கூடை சாளையும் நாலு கூடை அயிலையும் சேத்துத் தட்டிட்டு, ஏழு கூடை என்ன மீனுன்னு சொல்லுவா உங்கம்மா?” என்பார். பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்தும் எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். எனக்கே இது புரிந்துவிட்டது.

அசமன்பாட்டில்தான் எட்டாம் வகுப்பு மொத்தமும் கவிழ்ந்தது. மைனஸ் எட்டு, மைனஸ் மூன்றைவிடப் பெரியது என்று ஒரே குரலில் சாதித்தார்கள். கடலாழத்தைப் பாகத்தில் அளக்கும் வீட்டுப் பிள்ளைகள். விரித்த இரு கை நீளம் ஒரு பாகம். எட்டுப் பாகம் மூன்று பாகத்தைவிட அதிகம்தானே! வெள்ளியன்று பார்வையிட வரும் அதிகாரி முன்னாலும் இப்படியே உளறினால், எட்டாம் வகுப்புக் கணக்கை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் தலைமையாசிரியர் ஞானையன். டீச்சர் அன்று மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

மறுநாள் மாடிக் கைப்பிடியிலிருந்து முடிச்சுப் போட்ட கயிறு தொங்கியது. நடுவில் சிவப்புத் துணி. அதுதான் கடல்மட்டம், பூஜ்ஜியம். “ஆழத்த நான் கேக்கல்ல மக்கா. எது மேல நிக்குன்னு சொல்லு. மேல நிக்கதுதான் பெருசு.” மூன்று நாள் பிள்ளைகள் கயிற்றடியே கதி என்று கிடந்தார்கள்.

வெள்ளியன்று அதிகாரி 3 < 8 என்று எழுதி, இருபுறமும் மைனஸ் ஒன்றால் பெருக்கச் சொன்னார். கடைசி பெஞ்சு பெபிஷா எழுந்து வந்து, குறியைத் திருப்பிப் போட்டாள்: –3 > –8.

“ஏன் திருப்பினாய்?”

“மேல நின்னதெல்லாம் அதே அளவுக்குத் தாழ போவும் சார். எட்டு ரொம்பத் தாழ போயிரும். மூணுதான் மேல நிக்கும்.”

முதலில் கைதட்டியவர் ஞானையன். பிறகு வகுப்பே அதிர்ந்தது. வாசலில் நின்று பார்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அடுத்த கணக்கு போடுங்க டீச்சர்” என்றார் அதிகாரி.

ரஸீனா டீச்சர் சாக்பீஸைப் பெபிஷாவின் கையில் வைத்தார். நேரே கடைசி பெஞ்சுக்குப் போய், அவள் இடத்தில் உட்கார்ந்து, கையைத் தூக்கினார்.