அண்ணா அவிழ்க்க வேண்டிய கொடி

எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் கால்பந்து உலகக் கோப்பை வந்தால் ஒரு சட்டம் உண்டு. எந்த அணி தோற்கிறதோ, அந்த அணியின் ஆள்தான் தன் கொடியைத் தன் கையால் அவிழ்க்க வேண்டும். எதிர்க்கட்சி கீழே நின்று வேடிக்கை பார்க்கும். வேறு யாரும் தொடக் கூடாது.

அண்ணா பிரேசில். அவனுக்கு எதிராக நிற்க வேண்டும் என்பதற்காகவே நான் அர்ஜென்டினா. ஆனால் இரண்டு கொடியையும் ஒரே மெஷினில் நான்தான் தைப்பேன். சாலைக் கடைத்தெருவில் துணி வாங்கி வருவதும், அப்பாவின் பழைய வேஷ்டியில் நட்சத்திரம் வெட்டுவதும் அவன் வேலை. "நூலை இழுக்காதேடி, சுருங்கிடும்" என்று தலைமாட்டில் நின்று உயிரை வாங்குவான். தொண்ணூற்றெட்டில் முதலில் இறங்கியது என் கொடி. சீட்டியடித்தான். இறுதி ஆட்டத்தில் பிரேசில் தோற்றதும் அவன் ஏணியில் ஏற, நான் கீழே நின்று ஆற அமரக் காப்பி குடித்தேன்.

பிறகு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். அடுத்த கோப்பையைப் பிரேசில் ஜெயித்தபோது வீட்டில் கொடியே கட்டவில்லை. ஆட்டம் பார்க்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் போன் செய்தான். "ஃபைனலுக்கு நிச்சயம் ஆத்துல இருப்பேன். கொடியைத் தைச்சுக் கட்டி வை."

என் கொடியோடு அவன் கொடியையும் நானே வெட்டினேன், நானே தைத்தேன். வீட்டுப் பழக்கம் விடுமா? வேஷ்டிக்குப் போடுகிற மாதிரி அதற்கும் கஞ்சி போட்டுவிட்டேன். மாடி ஜன்னலுக்கும் எதிர் மாமரத்துக்கும் கயிறு கட்டித் தொங்கவிட்டால், பறக்கவே இல்லை, அப்பளம் மாதிரி விறைத்து நின்றது.

"பிரேசிலுக்குக் கஞ்சியா?" என்று போனில் அப்படிச் சிரித்தான். அவன் சிரித்துக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. பிறகு மழை வந்து கஞ்சியைக் கரைத்தது, கொடி பறந்தது.

அர்ஜென்டினா தோற்றது. என் கொடியை அவிழ்த்தேன், சீட்டியடிக்க ஆளில்லை. மறுநாளே பிரேசிலும் தோற்றது. விடிந்ததும் போன்.

"லீவு கிடைக்கலைடி. பிரேசிலும் போயிடுத்து. இனி வந்து என்ன பண்ண? கொடியை நீயே அவுத்து வச்சுடு, கேட்டியா."

எனக்குக் கோபமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. யாருக்கு வேண்டும் ஃபைனல்? அவனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

"அதெல்லாம் முடியாது. தோத்தது உன் டீமாக்கும். நீதான் வந்து அவுக்கணும்."

"சரி, இருக்கட்டும்" என்றான்.

ஓணம் போயிற்று, நவராத்திரி போயிற்று. "எதுக்கும்மா இந்தக் கந்தல்?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். அண்ணா வருவான் என்றேன். அடுத்த மழையில் துணியும் போய் வெறும் கயிறுதான் மிஞ்சியது. அதையும் நான் யாரையும் தொடவிடவில்லை.