பதினான்காம் பக்கம்

கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டுதான் தங்கராஜு செய்தி சொல்வார். "இன்னிக்கு என்ன போட்டிருக்கான் தெரியுமா? தேங்காப்பால் இதயத்துக்குக் காவலாம்!" என்று அவர் முழங்கும் நேரத்தில், நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கு முகமெல்லாம் நுரை, தொண்டையில் பிளேடு. மறுத்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? மலேசியாவின் கூலாய் நகரத்துப் பழைய கடைவரிசையில் முப்பத்தொரு வருடமாக உலகத்து ஆராய்ச்சிகள் எல்லாம் இப்படித்தான் ஏகமனதாக நிறைவேறி வருகின்றன.

பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் லயத்து வாசலில் பலகை போட்டு முடிவெட்டத் தொடங்கியவர், இன்று ஏர்கான் வைத்த சொந்தக் கடைக்கு முதலாளி. இதை வருகிறவரிடமெல்லாம் ஒருமுறை சொல்லாவிட்டால் அவருக்குக் கை ஓடாது. "மூணாங்கிளாஸ்தான் படிச்சேன் லா நான். கடையில மூணு நாற்காலி. கிளாசுக்கு ஒண்ணு! டிகிரி படிச்சவன் எல்லாம் என்கிட்டதான் தலையைக் குனியுறான்."

ஞாயிறு பத்திரிகை காலை ஆறரைக்கே கடைக்கு வந்துவிடும். மூன்றாம் பக்கத்துச் சுகாதாரப் பகுதியில் கொட்டை எழுத்தில் இருப்பதை மட்டும் கத்தரித்துக் கண்ணாடியில் ஒட்டுவார். மிச்சப் பக்கங்களை உள்ளங்கை அளவுக்குச் சதுரம் சதுரமாகக் கிழித்துக் கம்பியில் கோத்துவிடுவார். பிளேடில் சேரும் நுரையை வழிக்க அதைவிட நல்ல தாள் கிடையாது என்பது அவர் கண்டுபிடிப்பு. அந்தச் செய்தியின் அடியில் ‘தொடர்ச்சி 14ஆம் பக்கம்’ என்று இருக்கும். எட்டு மணிக்குக் கடை திறக்கும்போது பதினான்காம் பக்கம் கம்பியில் தொங்கும். பத்து மணிக்குள், விஞ்ஞானிகள் தயங்கித் தயங்கிச் சொன்ன ‘இருக்கலாம்’, ‘மேலும் ஆய்வு தேவை’ எல்லாம் நுரையும் மயிருமாகக் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்.

"தலைப்புல இல்லாததா உள்ள இருக்கப் போவுது? முக்கியமா இருந்தா பெருசா போட மாட்டானா?" என்பார்.

அந்தக் கண்ணாடியில் முகம் பார்ப்பதே சிரமம். ‘முட்டை: மூளையின் நண்பன்’ என்ற தாளின் பாதியை ‘முட்டை: மெல்லக் கொல்லும் மஞ்சள்’ மறைத்திருக்கும். பக்கத்து ஊரான செனாயில் தொழிற்சாலை வேலை செய்யும் குணாளன் ஒருநாள் கேட்டேவிட்டான். "அண்ணே, கோப்பி குடிச்சா ஆயுசு குறையும்னு போன வாரம் சொன்னீங்க. இன்னிக்குக் கூடும்னு சொல்றீங்க?"

"அது போன வாரத்துக் கோப்பி. ஆராய்ச்சி பண்றவன் கையைக் கட்டிக்கிட்டா இருப்பான்? தலையை ஆட்டாத, காது போயிரும்."

இந்த வேதவாக்கை வரிக்கு வரி நம்பிய ஒரே மனிதர் செல்லப்பன். லோரி ஓட்டி ஓய்ந்தவர், இனிப்பு நீர் என்று அங்கே சொல்லும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்குபவர். மலேசியா முழுக்கப் பாதை தெரியும், எழுத்து மட்டும் தெரியாது. அவருக்குத் தங்கராஜுதான் பத்திரிகை, தங்கராஜுதான் பல்கலைக்கழகம். ‘இனிப்பு நீருக்கு முடிவு கட்டும் பட்டை!’ என்று ஒரு ஞாயிறு தலைப்பு வந்தது. "காலையில ஒரு கிளாஸ் லவங்கப்பட்டைத் தண்ணி. அப்புறம் மாத்திரை எதுக்கு?" என்றார் தங்கராஜு. செல்லப்பன் போகிற வழியில் தானும் ஒரு பத்திரிகை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார், மகள் கேள்வி கேட்டால் நீட்டுவதற்கு.

அதன்பின் பதினைந்து நாளுக்கொரு முறை வருகிறவர் மூன்று முறை வரவில்லை. வந்தது மகள் பிரேமலா. கையில் அந்தப் பழைய பத்திரிகை. கடையில் மூன்று நாற்காலியும் நிறைந்திருந்தன.

"மாமா, இதப் படிங்க."

"நான் படிச்சுச் சொன்னதுதானே அம்மா இது."

"பதினாலாம் பக்கம் படிச்சீங்களா?"

தங்கராஜு கம்பியில் தொங்கிய தாள்களைப் பார்த்தார்.

"பன்னெண்டு எலி, மாமா. ஆறு வாரம். மாத்திரைக்குப் பதிலா மனுசங்க இதக் குடிக்கக் கூடாதுன்னு தெளிவா போட்டிருக்கான். அப்பாவுக்குக் கால் சுண்டுவிரல எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரில ஊசி போட்டுச் சீனியை எறக்கி அனுப்புனா, வீட்டுக்கு வந்ததும் மறுபடி பட்டைத் தண்ணி. இப்படியே போனா பாதத்தையும் எடுக்கணுமாம். சொன்னாக் கேக்குறாரா? ‘டாக்டருக்கு என்ன தெரியும், தங்கராஜு சொல்லட்டும்’ங்கறாரு. நீங்களே வந்து தப்புன்னு சொல்லுங்க."

தப்பு என்ற சொல் அந்தக் கடையில் அதுவரை யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. நடு நாற்காலியில், நுரைக்குள்ளிருந்து குணாளன் மெதுவாகக் கேட்டான். "அப்ப கோப்பி எந்த எலிக்கு அண்ணே?"

யாரும் சிரிக்கவில்லை. தங்கராஜு அவன் கன்னத்தை வழித்து முடித்தார். முடிக்கிறவரை ஒரு தலைப்பும் சொல்லவில்லை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுச் சவரப் பெட்டியோடு செல்லப்பன் வீட்டுக்குப் போனார். கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார் செல்லப்பன். ஆறு வாரத் தாடி.

"வா தங்கராஜு! இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லு. எலியாம், புலியாம், என்னென்னவோ உளறுது."

தங்கராஜு நுரையைக் குழைத்து அவர் முகத்தில் பூசினார். பிறகு பிரேமலாவிடம் பத்திரிகையை வாங்கிப் பதினான்காம் பக்கத்தை விரித்தார். பொடி எழுத்து. ஒவ்வோர் எழுத்தாக விரலை நகர்த்தி, கூட்டிக் கூட்டிப் படித்தார். ‘பன்னிரண்டு ஆண் எலிகளுக்கு’ என்பதைத் தாண்டுவதற்குள் ஒரு பக்கத் தாடியை வழித்திருக்கலாம். சமையலறையில் பிரேமலா குழாயை நிறுத்திவிட்டு நின்றாள். செல்லப்பன் நண்பரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாய் திக்கி அவர் பார்த்ததில்லை.

"எலிக்கா?"

"எலிக்கு."

"மனுசனுக்குன்னுல்ல சொன்ன நீ?"

தங்கராஜு பத்திரிகையை மடித்து வைத்தார். மேசையில் தொடாமல் கிடந்த ஆஸ்பத்திரி அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, நுரைக்கு நடுவே திறந்திருந்த வாயில் போட்டு, தண்ணீரைப் புகட்டினார். பிறகு இரண்டு விரலால் அவர் தாடையை மேலே தூக்கிப் பிடித்தார். தொண்டைக்குழி ஏறி இறங்குகிறவரை விரலை எடுக்கவில்லை.