பந்த் நாளில் ஓடியவள்

ராஜேஸ்வரி இறந்த செய்தி ஒரு பந்த் நாள் காலையில் வந்தது. தெருவில் ஒரு பஸ்கூட இல்லை. அவள் தம்பி சேகர் லேக் கார்டன்ஸிலிருந்து பாலிகஞ்சில் இருக்கும் என் வீட்டுக்கு நடந்தே வந்திருந்தான். நான் ஒரு பழைய தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன்.

“மாமா, அக்காவுக்கு மூச்சு முட்டிச்சு. டாக்டர் வர்றதுக்குள்ள போயிட்டா.”

அவளோடு ஓடிய உங்களுக்கெல்லாம் என்னைத் தெரிந்திருக்கும். நம் ஆபீஸ் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவன் நான். அவள் நெடுந்தூர ஓட்டக்காரி. ஓட்டத்துக்காகவே அவளுக்கு வேலை கொடுத்தார்கள்.

குளிர்காலத்தில் நீங்கள் எல்லோரும் இருட்டோடு ஓட வருவீர்கள். விடியற்காலைக் காற்று சுத்தமானது என்று நம்பினோம். அந்த நேரத்தில்தான் சுற்றியுள்ள வீடுகளிலும் டீக்கடைகளிலும் கரி அடுப்பு பற்றவைப்பார்கள். புகை மேலே போகாமல் மைதானத்திலேயே படுத்துக் கிடக்கும். கோடு போட்ட எனக்கே கோடு தெரியாது. ஓடி முடித்துக் கறுப்பாகக் காறித் துப்புவீர்கள். “வரட்டும், வரட்டும். நெஞ்சு சுத்தமாகுது” என்பார் பயிற்சியாளர் தாஸ் பாபு. யாருடையது அதிகக் கறுப்பு என்று உங்களுக்குள் போட்டி வேறு. ராஜியும் சிரித்துக்கொண்டே துப்பினாள்.

ஆபீஸ் விட்டபின் ரோட்டோரமாக ஓடுவாள். பஸ் கண்டக்டர்கள் படியில் தொங்கியபடி, “தீதி, ஏறிக்கோங்க, டிக்கெட் வேண்டாம்!” என்று அக்கா முறை வைத்துக் கேலி செய்வார்கள். அவளும் அண்ணன் முறை வைத்து வங்காள மொழியிலேயே திருப்பிக் கொடுப்பாள்: “உங்க வண்டிக்கு முன்னாடி நான் போயிடுவேன் தாதா. முதல்ல அதுக்கு இருமல் மருந்து வாங்கிக் கொடுங்க!” பஸ் கறுப்பாக ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போகும். அதற்குள்ளேதான் அவள் ஓட வேண்டும்.

பந்த் என்றால் ஊரே தூங்கும், பிள்ளைகள் நடுரோட்டில் கிரிக்கெட் ஆடுவார்கள். ராஜிக்கு மட்டும் அது திருவிழா. என் வீட்டுக்கு எதிரே காலி ரோட்டில் நான் ஒரு சுண்ணாம்புக் கோடு போடுவேன். அங்கிருந்து புறப்பட்டு ஏரியைச் சுற்றிவிட்டு வருவாள். இருமல் இருக்காது. “மாமா, இதுதான் என் நிஜமான ஓட்டம். அடுத்த பந்த் எப்போ?” என்பாள்.

போட்டிகள் பந்த் நாளில் நடப்பதில்லை. ஒரு குளிர்காலக் காலையில் தேர்வு ஓட்டம் வைத்தார்கள். ஜெயித்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். முன்னால் வந்துகொண்டிருந்தவள் நான் போட்ட கோட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலமாகிவிட்டது. தாஸ் பாபு, “பயந்துட்டா” என்றார். நான் அவளைக் கூட்டிப்போன அலிப்பூர் டாக்டரோ, “காலையில் ஓடாதே, பஸ் ஓடும் ரோட்டில் ஓடாதே” என்றார். வெளியே வந்து என்னிடம் கேட்டாள்: “அப்போ இந்த ஊர்ல நான் மூச்சு விடறதுக்கு எந்த நேரம் மாமா?”

அதற்குப் பிறகு அவள் ஓடவில்லை. மூச்சுத் திணறலுக்கு இழுக்கும் மருந்துக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அங்கே போவேன். “சும்மா உட்கார்ந்தா பைத்தியம் பிடிக்குது. உங்களுக்கு எழுத்து சொல்லித் தரேன்” என்றாள். இந்த வயதிலா என்றேன். “ஆயுசு பூரா கோடு போட்ட கை. கொஞ்சம் வளைச்சா எழுத்து, அவ்வளவுதான்.” சுண்ணாம்பைக் கொண்டு தரையிலேயே ஆரம்பித்தோம். முதல் வார்த்தையை நான் தப்பில்லாமல் எழுதியபோது கை தட்டினாள். அதற்கே அவளுக்கு மூச்சு இளைத்தது.

அவள் இறந்த அன்று வண்டி எதுவும் ஓடாததால் அவளைத் தோளில்தான் கொண்டுபோனோம், அவள் ஓடிய அதே ரோட்டில். காற்று கழுவிவிட்டதுபோல இருந்தது. எனக்கு மூச்சு தாராளமாக வந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த எழுத்து. ஒவ்வொன்றும் கையிலிருந்து இறங்கும்போது இன்னும் குழந்தைபோல மகிழ்ந்து போகிறேன். சொல்லிக்கொள்ள அவள் இல்லை. போன வாரம் மறுபடியும் பந்த். ரோட்டில் கோடு போட்டு, பக்கத்தில் ராஜி என்று எழுதினேன். சுழி அழகாக விழுந்தது. வெகுநேரம் நின்றேன். மறுநாள் முதல் பஸ் புகையைக் கக்கிக்கொண்டு அதன்மேல் ஏறிப் போனது.