டாக்டரம்மாவும் கறிக்கடை சாசோனும்

எருசலேமில் எங்கள் தெருவில் குடியிருந்த பெனினா ராட்ஸ்கி தோலில் எழுதிய பழைய வேதச் சுருள்களை ஆராய்கிறவர், அதில் டாக்டர் பட்டமும் வாங்கியவர். குகையில் கிடைத்த இரண்டு துண்டுகள் ஒரே தோலிலிருந்து கிழிந்தவை என்று சாதிப்பதிலேயே அவருக்குப் பதினோரு வருடம் போயிற்று. அதை மறுத்த ஒரே ஆள் பேராசிரியர் லெம்பர்க். அவருடன் பெனினா பேசுவதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சபாத் ஓய்வுநாள் சமையலுக்குக் கறி வாங்கப் போன இடத்தில், பையிலிருந்து அந்தத் துண்டுகளின் பெரிய புகைப்படம் வெளியே வந்தது. கடைக்காரர் சாசோன் எட்டிப் பார்த்தார்.

"இது வெள்ளாடு, அது செம்மறி. ரெண்டையும் எதுக்கு டாக்டரம்மா சேத்து வச்சிருக்கீங்க?"

"எப்படிச் சொல்றீங்க?"

"மயிர்க்காலப் பாருங்க. இதுல வரிசையா இருக்கு, அதுல கலைஞ்சு கெடக்கு. முப்பது வருசமா தோலுரிக்கிறேன்ல."

பெனினா கறி வாங்காமலே திரும்பினார். இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் லெம்பர்க்கைத் தானே தொலைபேசியில் அழைத்தார்.

"ரெண்டும் வேற வேற தோல்தான். ஒத்துக்கறேன்."

"எழுத்த வச்சு நான் அப்பவே சொன்னேனே."

"எழுத்து ஒரே ஆளோடதுதான். அதுல நீங்க தப்பு. ஆடுதான் வேற."

அடுத்த கட்டுரையில் பெனினா தன் பழைய முடிவைத் தானே மறுத்து, சாசோனுக்கு நன்றியும் சொல்லியிருந்தார். சாசோன் அந்தப் பக்கத்தைக் கடையில் மாட்டிவிட்டு, டாக்டரம்மா தன்னிடம் படித்தவர் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.