எல்லம்மா வீட்டில் வாங்கிய கையெழுத்து

அன்னம்மாளுக்கு அன்றைக்கு ஜீவனஹள்ளியில் எல்லம்மா வீட்டுக்குப் போகவே மனசில்லை. ஒரே வாரத்தில் மூன்றாவது தடவை. முதல் தடவை போனபோது எல்லம்மா வீட்டில் இல்லை. இரண்டாவது தடவை உள்ளே இருந்துகொண்டே இல்லையென்று சொல்லியனுப்பினாள். மூன்றாவது தடவையும் போய் நிற்க வேண்டுமென்றால் ஒன்று சொந்தக்காரியாக இருக்க வேண்டும், இல்லை வெட்கம் கெட்டவளாக இருக்க வேண்டும். அன்னம்மாள் சொந்தக்காரி இல்லை.

சிவாஜிநகரில் அடுத்த பஸ்ஸுக்காக நின்றபோது இடது முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. நாற்பத்தாறு வயதுக்கு அது கொஞ்சம் முன்கூட்டியே வந்த வலி. மர்பி டவுனில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பான பி.யு.சி. முடித்துவிட்டுப் பதினான்கு வருஷம் கார்மென்ட்ஸில் சட்டைக் காலர் தைத்தாள். எட்டு வருஷமாக ஓர் அறக்கட்டளையில் வேலை. பூங்காக்களில் எந்த மரம் நோயில் கிடக்கிறது, எந்தப் பறவை எங்கே கூடு கட்டுகிறது என்று கணக்கெடுத்து, அவற்றைக் காப்பாற்ற வழி சொல்லும் அறக்கட்டளை அது. வருஷாவருஷம் படித்த பிள்ளைகளைச் சேர்த்து, குரூப் குரூப்பாக ஒவ்வொரு பொறுப்பாளரிடம் விட்டுப் பயிற்சி கொடுத்து வேலைக்கும் எடுத்துக்கொள்வார்கள். வந்ததெல்லாம் காரில் வந்து இறங்கும் பிள்ளைகளாகவே இருந்ததால், ஏழைபாழைகள் வீட்டிலிருந்தும் பிள்ளைகள் வர வேண்டுமென்று ஒரு கூட்டத்தில் யாரோ பேசினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடித்ததும், வீடு வீடாக ஏறி இறங்க ஓர் ஆளைத் தேடினார்கள். அகப்பட்டவள் அன்னம்மாள்.

எட்டு வருஷம் செருப்புத் தேய நடந்து, வாய் வலிக்கப் பேசி, அறுபது பேருக்கு மேல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். நிலைத்தவர்கள் மூன்றே பேர். விட்டுப் போனவர்களில் ஒருவன் சாப்பாடு டெலிவரிக்குப் போய்விட்டான், அதில் கைக்கு உடனே காசு. ஒருத்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள், தோட்ட வேலையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள், மறுநாள் அவள் நின்றுவிட்டாள். மற்றவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனார்கள். வருஷக் கடைசியில் ஆபீஸில் கலர் கலராக வரைபடம் போட்டு, ஏன் யாரும் தங்குவதில்லை அன்னம்மா என்று கேட்பார்கள். அவளைத்தான் கேட்பார்கள், அவள்தான் அந்தப் பிள்ளைகளைப் பெற்றுப் போட்டவள் மாதிரி. சலித்துப்போய்விட்டது. ஆனாலும் விட முடியவில்லை. பூங்காவைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள் நம் ஜனம், அதே பூங்காவில் மரத்தின் பெயரைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்கள் வேறு ஜனம் என்பது அவளுக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

இந்த வருஷம் அகப்பட்டவள் எல்லம்மாவின் மகள் இளவேனில். இருபது வயது, தாவரவியலில் முதல் வகுப்பு. ஓர் இலையைக் கையில் வாங்கினால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டாள். இவள் நிலைப்பாள் என்று அன்னம்மாளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆபீஸ் விதிப்படி இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்குப் சேர்க்கைப் படிவத்தில் பெற்றவர் கையெழுத்து வேண்டும். அப்பா இல்லை. எல்லம்மா போட வேண்டும். நாளை மதியத்துக்குள் போடாவிட்டால் அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும்.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை கெட்டது. அன்றைக்கு அறிமுக வகுப்பு. ஒரு மரத்தடியில் கயிறு கட்டிச் சதுரம் போட்டு, அதற்குள் விழுந்த இலைகளைப் பொறுக்கி, ரகம் பிரித்து, எடை போட வேண்டும். அதற்கு முன்னால் பிள்ளைகள் உட்கார ஓரமாகக் கொஞ்சம் இடத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. பதினைந்து பேர் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள். துடைப்பம் இளவேனில் கைக்குப் போனது. அவளுக்கு அதைப் பிடிக்கவே தெரியவில்லை, இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு மண்ணைக் கிளப்பினாள். அவள் குனிந்து நின்றதை அறக்கட்டளையின் இளம் அதிகாரி நிக்கோல் போட்டோ எடுத்து, முதல் நாள் மகிழ்ச்சி என்று எழுதி வாட்ஸ்அப்பில் போட்டாள். அது எப்படியோ சுற்றிக்கொண்டு எல்லம்மாவின் மேஸ்திரி போனுக்கு வந்து சேர்ந்தது.

எல்லம்மா பத்தொன்பது வருஷமாக மாநகராட்சிக்குத் தெருக் கூட்டுகிறவள். காலை வருகைப்பதிவுக்கு நின்றபோது மேஸ்திரி போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டி, உன் பொண்ணு இப்பவே கத்துக்குறா போல, உன் இடத்துக்கு ஆளு ரெடி என்றானாம். கூட நின்ற பெண்கள்கூடச் சிரித்தார்களாம்.

இன்றைக்கு எல்லம்மா கதவைத் திறந்தாள். தலைக்குக் குளித்த ஈரத்தோடு இருந்தாள். இளவேனில் சுவரோரம் உட்கார்ந்து போனைப் பார்ப்பதாக நடித்துக்கொண்டிருந்தாள். எல்லம்மா டீ கொடுத்தாள். கொடுத்துவிட்டுத்தான் பேசினாள். சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் அன்னம்மாளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இந்த வீட்டில் இளவேனில் துடைப்பத்தைத் தொட்டதே இல்லையாம். ஜுரத்தில் கிடந்தாலும் எல்லம்மாதான் எழுந்து வீட்டைக் கூட்டுவாளாம். சின்ன வயதில் விளையாட்டுக்கு எடுத்தவளைக் கையில் அடித்துப் பிடுங்கியிருக்கிறாளாம். பெண் பிள்ளைக்கு வேலை பழக்காமல் வளர்க்கிறாயே என்று அக்கம்பக்கத்தில் சொன்னதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்னம்மாள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். எல்லம்மா தொடர்ந்தாள்.

"அந்த நிக்கோல் மேடம்தான தொடப்பத்தக் குடுத்துச்சு. பெரிய எடத்துப் பொண்ணு, அதுக்கு நம்மளப் பத்தி இன்னா தெரியும். உன் மேல எனக்குக் கோவம் இல்லக்கா. நீ நம்ம ஆளு. இனிமே நான் பாத்துக்குறேன்னு ஒரு வார்த்த சொல்லு, போட்டுடுறேன்."

அன்னம்மாள் பையைத் திறந்து படிவத்தை எடுத்தாள். பேனாவையும் எடுத்தாள். ஒரே ஒரு வார்த்தை. நாளைக்குப் படிவத்தை ஆபீஸ் மேஜைமேல் வைக்கலாம். ஒரு வாரமாக ஆபீஸிலும் எல்லாரும் நிக்கோல்தான் என்றே நினைத்தார்கள். நிக்கோல் மன்னிப்புக் கேட்டுப் போட்டோவை அழித்தபோது அன்னம்மாளும் பக்கத்தில்தான் நின்றாள், வாயே திறக்கவில்லை. இன்னொரு நாள் திறக்காமலிருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. சுவரோரம் பார்த்தாள். இளவேனில் போனிலிருந்து தலையைத் தூக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தெரியும். தெரிந்தும் அம்மாவிடம் சொல்லவில்லை.

"நிக்கோல் இல்ல எல்லம்மா. நான்தான் குடுத்தேன்."

எல்லம்மாவுக்கு முதலில் புரியவில்லை. அன்னம்மாள் மறுபடியும் சொன்னாள். பிடிக்கத் தெரியாமல் நின்றவளைப் பார்த்துச் சிரித்ததையும், இப்படிப் பிடி என்று சொல்லிக் கொடுத்ததையும் சேர்த்துச் சொன்னாள்.

அதுவரை நீ என்று பேசிய எல்லம்மா இப்போது நீங்க என்றாள்.

"பதினஞ்சு புள்ளைங்க நின்னுச்சே. வேற யார் கைலயாவது குடுக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?"

தோன்றவில்லை என்று அன்னம்மாள் சொன்னாள். உண்மை அதுதான். ஆபீஸில் யாரும் அவளுக்கு உத்தரவு போடவில்லை. கை தானாக இளவேனில் பக்கம் நீண்டது, நம் வீட்டுப் பிள்ளைதானே, கூட்டத் தெரியும் என்று. வேறு யாராவது அப்படி நீட்டியிருந்தால் அன்னம்மாள் ஒரு மாசம் சண்டை போட்டிருப்பாள்.

படிவத்தை மடித்துப் பையில் வைக்கப் போனாள். எல்லம்மா கையை நீட்டி அதை வாங்கினாள்.

"என் பொண்ணு போகட்டும். அவ ஆசப்பட்டுப் படிச்சது. ஆனா உங்க குரூப்ல வேணாம், அந்த மேடம் குரூப்ல போடுங்க. நாங்க யாருன்னு அதுக்குத் தெரியாது, தெரியாதவங்க நோட்டுதான் குடுப்பாங்க."

அம்மா என்று இளவேனில் ஏதோ சொல்ல வந்தாள். எல்லம்மா அவளைப் பேச விடவில்லை. தரையில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

படிவத்தின் அடியில் பொறுப்பாளர் என்ற இடத்தில் அன்னம்மாளின் பெயர் ஏற்கெனவே இருந்தது. போன வாரமே ஆசையாக எழுதி வைத்திருந்தாள். அங்கேயே உட்கார்ந்து, எல்லம்மா பார்த்துக்கொண்டிருக்க, அதை அடித்துவிட்டு மேலே நிக்கோல் என்று எழுதினாள்.