டிரங்குப் பெட்டி மேல் ஒரு விருந்து

வீட்டுக்கு யாராவது சாப்பிட வருகிறார்கள் என்றால் என் மனைவி அடுப்படிக்குப் போவாள். நான் கத்தரிக்கோலும் கலர் பேப்பருமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுவேன். ஐம்பது தாண்டியும் விடாத வியாதி இது. போன தடவை ஒரு காலிஃபிளவருக்கு மிளகாயில் மூக்கு வைத்து, கம்பியில் கண்ணாடி மாட்டி, மேசை நடுவில் வைத்தேன். விருந்துக்கு வந்த என் மேலதிகாரிக்கும் நரைத்த சுருட்டை முடி, கண்ணாடி. மனிதர் ரசத்துக்குக்கூட நிற்கவில்லை.

இந்த வியாதி எனக்குப் பிடித்தது திண்டிவனத்தில், எண்பதுகளின் நடுவில், நான் ஆறாவது படித்த வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு. அம்மா ஊரிலேயே நர்ஸ். அப்பாவுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் வேலை. அம்மா வீட்டில் இருக்கும் நாளில் அப்பாவுக்கு டியூட்டி வந்துவிடும். அப்பா வரும் நாளில் அம்மா வேறு யாருக்கோ பதிலாக டியூட்டிக்குப் போயிருப்பாள். தப்பித்தவறி இருவரும் ஒன்றாக இருந்துவிட்டால் பேச்சு என் வழியாகத்தான் நடக்கும்.

“உங்கப்பாவாண்ட சொல்லு, சோறு மூடி வெச்சிருக்குன்னு.”

“நான் விழுப்புரத்துலியே சாப்ட்டு வந்துட்டேன்னு சொல்லு.”

போன் இல்லாத வீட்டில் நானே எக்ஸ்சேஞ்ச் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. அதன் மூடியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. மேசை மேல் மெழுகுவத்தி, பச்சை இலை, சிவப்புப் பழங்கள். வீட்டில் தனியாக இருந்த சாயங்காலங்களில் அந்த மூடியை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தேன். அவர்களிடம் மேசை இருக்கிறது, சிரிக்கிறார்கள். எங்களிடம் மேசை இல்லை. விஞ்ஞானப் பாடத்தில் என் மார்க் எப்படி இருந்திருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தக் கிறிஸ்துமஸ் மத்தியானம் இரண்டு பேருமே வீட்டில் இருப்பார்கள் என்று டிசம்பர் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் குடில் வைக்கிறவர்கள் இரண்டு வாரம் முன்பே பழைய தட்டில் மண் போட்டுக் கேப்பை விதைப்பார்கள். பாலன் பிறக்கும்போது வயல் பச்சையாக இருக்க வேண்டும். நான் மேசைக்காக விதைத்தேன். ரகசியமாகக் கட்டிலுக்கு அடியில் வளர்த்ததால் பயிர் வெளிறி, காமாலை கண்டதுபோல வந்தது. பெட்டிக்கடை வாசலில் பொறுக்கிய சிகரெட் பெட்டிகளின் வெள்ளித்தாளை மல்லாட்டைத் தோலில், அதாவது வேர்க்கடலைத் தோலில், சுற்றி நூலில் கோத்தேன். சிவப்புப் பழத்துக்குச் சுண்டைக்காயை அம்மா காயத்துக்குப் போடும் சிவப்பு மருந்தில் ஊறவைத்தேன். விரல் ஒரு வாரத்துக்கு விபத்தில் சிக்கியதுபோல இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்ததும் அம்மா அப்படியே டியூட்டிக்குப் போய்விட்டாள். நான் இரண்டு டிரங்குப் பெட்டிகளை நீளவாக்கில் சேர்த்து வெள்ளைப் போர்வையை விரித்தேன். ஓரமெல்லாம் சாமந்தி, நாலு மூலையிலும் மெழுகுவத்தி, நடுவில் கேப்பை. மூடியில் இல்லாத ஒன்றையும் சொந்தமாகச் சேர்த்தேன்: ஒரு முனையில் சவுக்குக் குச்சியில் சின்னச் சிலுவை.

பிறகு செய்ய ஒன்றுமில்லை. தெருவில் யார் வீட்டிலோ ரேடியோ பாடியது. மூன்று இடத்திலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து, அம்மாவின் இடத்தைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து” என்று நேரடியாகவே சொன்னேன். பதில் வரவில்லை. பதில் சொல்ல வேண்டிய இடத்துக்கு நான் இன்னும் மாறி உட்காரவில்லை.

மத்தியானம் அம்மா வந்தாள். வாசற்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். அடுத்த ரயிலில் அப்பாவும் வந்தார்.

“இன்னாடா இது?”

“மேஜப்பா.”

இருவரும் உட்கார்ந்தார்கள். நான் நினைத்ததே நடந்தது: மூன்று பேர், ஒரே மேசை, மெழுகுவத்தி. அம்மா காலையிலேயே வைத்திருந்த கோழிக் குழம்பைப் பரிமாறினாள். பிறகு கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

“இன்னும் கறி வேணுமான்னு உங்கப்பாவைக் கேளு.”

அப்பா ஒரு கையெட்டும் தூரத்தில் இருந்தார். நான் கேட்டேன்.

“போதும்னு சொல்லு.”

நான் சொன்னேன்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். “டியூட்டி கீதுடா, வர்றேன்” என்று என்னிடம் மட்டும் சொன்னார். அம்மா தலைவலி என்று உள்ளே போய்ப் படுத்தாள். நான் மெழுகுவத்திகளை ஊதி அணைத்தேன்.

அந்த வீட்டில் முடிந்துபோயிருந்தது என்ன என்று விளங்க எனக்கு இன்னும் சில வருஷங்கள் ஆயின. அன்றைக்கு நான் சந்தேகப்பட்டது கேப்பையைத்தான். நல்ல பச்சையாக வளர்ந்திருந்தால் சிரித்திருப்பார்கள் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் முகையூரிலிருந்து, பலகாரத் தூக்கோடு, அப்பாவின் அக்கா வந்தாள். நான் கலைக்க மனமில்லாமல் விட்டிருந்த மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள்.

“ஜோடனை நல்லாத்தான்டா கீது. ஆனா கல்லறைத் திருநாளு போன மாசமே முடிஞ்சிபோச்சே, இதுல யாரைடா படுக்க வெச்சிக்கிறே?”